மட்டக்களப்பு வெக்கையில் மலிவுக் கலப்பு வைன்: வாங்குவது, குளிரவைப்பது, சுவைப்பது

மட்டக்களப்பில் வைன் சுவைத்துப் பழக ஆசைப்படுகிற ஒருவருக்கு வழிசொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் தங்கள் வீட்டு நிலைமைக்கு எழுதியவை. கடையில் கேட்டால், "எல்லாம் ஒண்டுதான் தம்பி, இது நல்லாப் போகுது" என்று கைக்கு எட்டுகிற போத்தலை எடுத்துத் தருவார்கள். நானும் இப்படி அலைந்துதான் கற்றேன். நீங்கள் அலைய வேண்டாம்.

இந்தக் கட்டுரை இரண்டு மூன்று திராட்சை வகைகளைக் கலந்து செய்கிற சாதாரண விலை வைன்களைப் பற்றியது. தொடக்கக்காரருக்கு விலை கூடிய போத்தல் தேவையே இல்லை. நல்ல மலிவு வைனை இங்கே கெடுப்பவை இரண்டு: நம் வெயில், நம் உறைப்பு. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சமாளிக்கிற வழிகள்தான்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

1. பங்காளிகளைச் சேருங்கள்

ஒரு போத்தலைத் தனியே வாங்கிக் குடித்தால் காசும் போகும், எதுவும் விளங்காது. வைன் விளங்குவது ஒப்பிடும்போதுதான். ஆகவே நாலு போத்தல், எட்டுப் பேர் என்று திட்டமிடுங்கள். வெள்ளையில் இரண்டு, சிவப்பில் இரண்டு.

கணக்கு இப்படி: ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். சுவைக்க ஒருவருக்கு 50 மில்லி போதும். எட்டுப் பேருக்கு 400 மில்லி போக, மீதி 350 மில்லியைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். இறக்குமதி வைனுக்கு இங்கே வரி கடுமை, விலையும் அடிக்கடி மாறும். ஒரு பேச்சுக்குப் போத்தல் ஆறாயிரம் ரூபாய் என்று வைத்தால் நாலும் 24,000, தலைக்கு 3,000. பாசிக்குடா ஹோட்டலில் கிளாஸ் கணக்கில் கேட்டால் விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு முடியாது. வழமையாக 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் ஏறும். "விலையில் வரி சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்ட பிறகு ஓடர் பண்ணுங்கள்.

நண்பர்களுக்குள் காசு போட்டு வாங்குவதில் பிரச்சினை இல்லை. ஆனால் "வைன் நைட்" என்று டிக்கெட் அடித்து விற்றால் அது அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிற வியாபாரம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. நாள் பாருங்கள்

எல்லாம் தயார் பண்ணிவிட்டுக் கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். காரணம் பெரும்பாலும் போயா. மாதாமாதம் பௌர்ணமி அன்று நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் 13, 14, ஒக்டோபர் 3 மதுவொழிப்பு தினம், நத்தார் போன்ற நாட்களிலும் கடைகள் மூடப்படும். போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் போனால் சாராயத்துக்கு நிற்கிற வரிசையில் நீங்களும் நிற்க வேண்டும். அந்த நெரிசலில் வைன் லேபிளை வாசிக்க யாரும் விடமாட்டார்கள். வாரநாள் காலைநேரம் நல்லது.

காலநிலையும் கணக்கில் வர வேண்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வைன் வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிருங்கள். வாங்கினால் அன்றே குடித்து முடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் மழையோடு சூடு தணிகிற காலம்தான் நமக்குத் தோதான வைன் காலம்.

3. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. இளம் முகம் என்றால் கேட்பார்கள். கடைக்குப் பொடியனை அனுப்புகிற பழக்கம் இதில் வேண்டாம்.

பில். கேட்டு வாங்குங்கள். உள்ளே பழுதான போத்தலை மாற்றப் பேசுவதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். என் பில்லைப் பார்த்த பிறகும் ஒரு கடையில் "திறந்த போத்தல், எடுக்க ஏலாது" என்றுதான் சொன்னார்கள். அதனால் பழுதானால் மாற்றித் தருவீர்களா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். பின்பக்கம் இறக்குமதியாளரின் பெயர் உள்ள லேபிளும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் "வெளிநாட்டுச் சாமான், விலை குறைச்சு" என்று யாராவது தந்தால் வேண்டாம். எப்படி வந்தது என்பது ஒரு பிரச்சினை. வரும் வழியில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பது இன்னொரு பிரச்சினை.

சுவிஸில் இருந்தோ லண்டனில் இருந்தோ உறவினர் வருகிறார்கள் என்றால் விஸ்கிக்குப் பதில் வைன் கேட்டுப் பாருங்கள். அங்கே சுப்பர் மார்க்கெட்டிலேயே நல்ல கலப்புகள் மலிவு. வரியில்லாமல் கொண்டுவருவதற்கு அளவு வரையறை இருக்கிறது, வாங்கும் முன் அதைச் சுங்கத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

4. எந்தக் கலப்பை எடுப்பது

எதற்குக் கலக்கிறார்கள் என்று தெரிந்தால் லேபிள் பாதி விளங்கிவிடும். ஒரு திராட்சையில் இல்லாததை இன்னொன்று தரும். கபர்னே சோவிஞ்ஞோனில் துவர்ப்பும் கறுப்புப் பழ வாசமும் அதிகம், ஆனால் நடுவில் ஒரு வெறுமை இருக்கும். மெர்லோ அந்த இடத்தை நிரப்பி மெதுமையாக்கும். பிரான்சின் போர்தோ சிவப்புகளின் அடிப்படை இந்தக் கூட்டணிதான். வெள்ளையில் சோவிஞ்ஞோன் பிளாங் புளிப்பும் பச்சை வாசமும் தரும், செமியோன் கனத்தைத் தரும். போர்தோ வெள்ளையிலும் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலும் இந்த ஜோடியைப் பார்க்கலாம்.

முதல் தடவைக்கு நான் சொல்வது:

வெள்ளை ஒன்று: செமியோன் - சோவிஞ்ஞோன் பிளாங். தேசிக்காய், புல், பச்சை மாங்காய் மாதிரி வாசம். கிடைக்காவிட்டால் கொலம்பார் கலந்த ஏதாவது. தென்னாபிரிக்காவில் ஷெனின் பிளாங்கோடும், பிரான்சின் கஸ்கோன் பகுதியில் உனி பிளாங்கோடும் அதைக் கலப்பார்கள். லேசானது, மலிவானது, நம் வெக்கைக்கு ஏற்றது.

வெள்ளை இரண்டு: செமியோன் - ஷார்டனே. முதலாவதைவிடக் கனம், புளிப்புக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் முதல் மிடறிலேயே தெரியும்.

சிவப்பு ஒன்று: கிரனாஷ் அதிகமுள்ள கலப்பு. பிரான்சில் கோத் து ரோன் என்ற பெயரில் வருவது இந்த வகை. அவுஸ்திரேலியாவில் கிரனாஷ், ஷிராஸ், மூர்வேத்ர் என்று மூன்று பெயரையும் போடுவார்கள். துவர்ப்புக் குறைவு, மிளகு வாசம் உண்டு.

சிவப்பு இரண்டு: கபர்னே - மெர்லோ அல்லது ஷிராஸ் - கபர்னே. துவர்ப்புக்கும் கனத்துக்கும் இது. சிலி நாட்டு வைன் கிடைத்தால் அதையும் பாருங்கள், விலைக்குத் தரம் மோசமில்லை.

லேபிளில் இரண்டு பெயர் இருந்தால் முதலாவதாக இருப்பதுதான் பொதுவாக அதிகம். ஷிராஸ் கபர்னேயும் கபர்னே ஷிராசும் ஒன்றல்ல. திராட்சைப் பெயரே போடாமல் "ரெட் பிளெண்ட்" என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அவற்றில் சில இனிப்பு மிச்சமுள்ளவை. இனிப்பு குற்றமில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பழக அது உதவாது.

நத்தாருக்குக் கேக்கோடு தருகிற இனிப்பு வைனை மட்டுமே குடித்துப் பழகியவர்கள் முதல் மிடறில் முகம் சுளிப்பார்கள். "புளிச்சுப் போச்சு" என்பார்கள். மேலே சொன்னவை எல்லாம் இனிப்பில்லாதவை, அப்படித்தான் இருக்கும். பங்கு போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

வருடமும் பார்க்க வேண்டும். மலிவுக் கலப்புகள் வைத்துப் பழுக்க விடுவதற்குச் செய்தவை அல்ல. வெள்ளையில் இரண்டு வருடத்துக்கு உட்பட்டது, சிவப்பில் மூன்று நாலு வருடத்துக்கு உட்பட்டது நல்லது. "பழசு, அதுதான் விலை கூட" என்று தூசி படிந்த வெள்ளை வைனை நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

5. கடையில் போத்தலைப் பரிசோதிப்பது

'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடையில் சாராயமும் பியரும்தான் ஓடும். வைன் ஒரு மூலையில் நிற்கும். அந்த மூலை எங்கே என்று பாருங்கள். கண்ணாடி யன்னலுக்குப் பக்கமா, தகரக் கூரைக்குக் கிட்ட மேல்தட்டிலா, பிரிட்ஜின் சூடான பின்பக்கத்திலா? மூன்றும் வேண்டாம். ஏசி உள்ள கடை என்றால் ஒரு இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் நட்டமில்லை.

பிறகு போத்தலைக் கையில் எடுங்கள். தக்கை போட்டது என்றால் கழுத்து உறையின் மேல்பகுதியை விரலால் தடவுங்கள். தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தால் சூட்டில் உள்ளே வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. உறைக்குக் கீழே பிசுபிசுப்பான கோடு ஒன்று வழிந்து காய்ந்திருந்தால் அது ஒழுகிய போத்தல். கழுத்துக்குள் வைனின் மட்டத்தை அதே வகையின் மற்றப் போத்தல்களோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் வையுங்கள். வெள்ளை வைனை வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். தேன் நிறத்துக்குப் போய் மண்ணிறம் தட்டினால் அது முடிந்த கதை. பச்சைப் போத்தலில் நிறம் சரியாகத் தெரியாது, அங்கே வருடத்தை நம்புங்கள்.

திருகுமூடி மலிவின் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊருக்கு அதுதான் நல்லது. தக்கை காய்ந்து சுருங்குகிற பிரச்சினை இல்லை, தக்கை திறக்கிற திருகியும் தேடத் தேவையில்லை.

6. கொண்டுவருவது

சுருக்கமாகச் சொன்னால், காரின் டிக்கியிலோ மோட்டார் சைக்கிளின் பெட்டியிலோ நண்பகல் வெயிலில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். கடைசியாக வைன், பிறகு நேரே வீடு. கொழும்பில் வாங்கினால் இரவு ரயிலில் கொண்டுவருவது பகல் பஸ்ஸைவிடப் பாதுகாப்பு. ஈரத் துவாயில் சுற்றி மீன் கொண்டுவருகிற ரெஜிபோம் பெட்டியில் வைக்கலாம். மீன் வாடை போகக் கழுவியிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் கட்டிலுக்குக் கீழே வைப்பதும் குசினி அலுமாரியில் வைப்பதும் ஒன்றுதான், இரண்டும் முப்பது பாகை. ஒரு வாரத்துக்குள் திறப்பதென்றால் பிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான்.

7. குளிரவைப்பது

புதியவர்கள் அதிகமாக ஏமாறுகிற இடம் இது. சிவப்பு வைனை அறையின் சூட்டிலேயே குடிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அவர்களுடைய அறை 18 பாகை. நம்முடையது 30. அந்தச் சூட்டில் சிவப்பு வைனை ஊற்றினால் மூக்கில் ஸ்பிரிட் ஏறும், பழவாசம் ஒன்றும் தெரியாது, வாயில் வேகவைத்த ஜாம் போல் இருக்கும். பாதிப் பேர் "எனக்குச் சிவப்பு ஒத்துவராது" என்று சொல்வது இதனால்தான்.

சிவப்புக்கு 15 முதல் 18 பாகை, வெள்ளைக்கு 8 முதல் 12. வெப்பமானி இல்லாமலே செய்யலாம். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் போத்தலைக் கழுத்துவரை இறக்குங்கள். வெறும் ஐஸ் போதாது. ஐஸ் கட்டிகள் அங்கங்கே மட்டும்தான் போத்தலில் தொடும், தண்ணீர் முழுக்கச் சூழும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடம், வெள்ளை அரை மணி நேரம். ஒரு பிடி உப்புப் போட்டால் இன்னும் வேகம். பிரிட்ஜ் என்றால் சிவப்புக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், வெள்ளைக்கு மூன்று மணி நேரம்.

கிளாசில் கொஞ்சமாக ஊற்றிப் போத்தலை மறுபடி வாளியில் வையுங்கள். நம் வெக்கையில் கிளாஸ் கண்மூடித் திறப்பதற்குள் சூடாகும். ஐஸ் கட்டியைக் கிளாசுக்குள் போடுவது பற்றி: சாப்பாட்டு நேரத்தில் உங்கள் விருப்பம், நான் வாய் திறக்கமாட்டேன். சுவைத்துப் பார்க்கும்போது மட்டும் வேண்டாம்.

8. இடமும் சாப்பாடும்

பின்னேரம் ஆறு மணிக்கு நுளம்புத்திரி கொளுத்துவோம், பக்கத்து வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். அதற்குள் எந்த வைனுக்கும் வாசம் கிடையாது. ஃபேன் போடுங்கள் அல்லது நாலு மணிக்கே தொடங்குங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வருகிற நண்பரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். கல்லடிக் கடற்கரை அழகுதான், ஆனால் பொது இடத்தில் குடிப்பது குற்றம். வீட்டு விறாந்தையே போதும்.

கிளாஸ் விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை, வாய்ப்பகுதி சற்று ஒடுங்கியிருந்தால் சரி. தேசிக்காய் மணமுள்ள சவர்க்காரத்தில் கழுவிய கிளாஸ் என்றால் எல்லா வைனிலும் தேசிக்காய் வாசம் வரும். வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு கிளாசில் 50 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் ரப்பர் பாண்டு போட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு ஊற்றலாம்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் சண்டைக்கு வருவார்கள். நண்டுக் கறியும் இறால் பிரட்டலும் இல்லாமல் என்ன கூட்டம்? இருக்கட்டும், சுவைத்து முடிந்த பிறகு. மதுவும் துவர்ப்பும் உறைப்பைக் கூட்டிக் காட்டும். செத்தல் மிளகாய் போட்ட கறிக்குப் பின் துவர்ப்பான சிவப்பை வாயில் விட்டால் நெருப்புத்தான். சுவைக்கும்போது பாண், உப்பில்லாத கிறக்கர், அவித்த கச்சான், தண்ணீர். இவ்வளவுதான். பிறகு சாப்பாட்டுக்கு: உப்பும் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்த இறால், கணவாய் என்றால் வெள்ளை. பால்சொதிக்கு ஷார்டனே கலந்தது பொருந்தும். கோழி அல்லது ஆட்டிறைச்சிப் பொரியலுக்குக் கிரனாஷ் கலப்பு. சூரை மாதிரி எண்ணெய் மீனோடு சிவப்பைக் குடித்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கலாம். வைனில் உள்ள இரும்புக்கும் மீன் எண்ணெய்க்கும் ஒத்துவராது.

9. சுவைப்பது

முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு. இரண்டிலும் லேசானது முன்னால், கனமானது பின்னால். போத்தல்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றி இலக்கம் போடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

கிளாசை மேசையில் வைத்தபடி வட்டமாகச் சுற்றி மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதோ அதை எழுதுங்கள்: விளாம்பழம், நாவல்பழம், மழை பெய்த மண், புதுச் செருப்பு. வெளிநாட்டுக்காரர் எழுதுகிற பெர்ரிப் பழங்களில் பாதியை நாம் கண்ணால் கண்டதில்லை, அந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ணி என்ன பயன்?

ஒரு சின்ன மிடறு எடுத்து வாய் முழுக்க உருட்டுங்கள். நாலு கேள்வி போதும். வாயோரம் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. முரசும் நாக்கும் வறண்டு இறுகுகிறதா? அது துவர்ப்பு. தொண்டையில் சூடு ஏறுகிறதா? அது மது. விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? கலப்பு நன்றாக அமைந்திருந்தால் இவற்றில் எதுவும் தனியே துருத்திக்கொண்டு நிற்காது.

விழுங்காமல் துப்பலாம், ஒரு பேசின் வையுங்கள். முதலில் வெட்கமாக இருக்கும். 13 சதவீத வைனில் 50 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் மது இருக்கிறது. நாலையும் விழுங்கினால் 20 கிராம், சாப்பாட்டோடு மீதியும் போனால் கிட்டத்தட்ட 40. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஆட்டோவில் போகட்டும். சட்ட எல்லை இரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்றாலும், அதைக் கணக்குப் பார்த்து ஓட்டுகிற நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பழுதானதைக் கண்டுபிடிக்க: நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் தக்கைக் கோளாறு. வினாகிரி வாசமும் காய்ச்சிய ஜாம் வாசமும் காற்று, சூடு பட்டதன் அடையாளம். கூழ்முட்டை வாசம் லேசாக வந்தால் அவசரப்பட வேண்டாம், கிளாசைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், பல தடவை போய்விடும்.

10. நீங்களே கலந்து பாருங்கள்

நேரம் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். கபர்னே மட்டும் உள்ள போத்தல் ஒன்று, மெர்லோ மட்டும் உள்ளது ஒன்று. மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், அளப்பதற்கு அதைவிட மலிவான சாமான் இல்லை. மூன்று கிளாசில் 40க்கு 10, 25க்கு 25, 10க்கு 40 என்று கலந்து, தனித்தனி வைனையும் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். துவர்ப்பு எந்த இடத்தில் அடங்குகிறது, வாசம் எந்த இடத்தில் மங்குகிறது என்பதை நாக்கே சொல்லும். எங்கள் கூட்டத்தில் இதற்குப் பிறகுதான் பலருக்குக் கலப்பு என்றால் கலப்படம் என்ற எண்ணம் போனது.

ஒரு விஷயம்: ஒரே பெயர் போட்ட போத்தலிலும் வேறு திராட்சை இருக்கலாம். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 85 சதவீதம், அமெரிக்காவில் 75 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தாலே அதன் பெயரைப் போட முடியும். பரிசோதனை நூறு வீதம் சுத்தமாக இராது, ஆனாலும் பாடம் கிடைக்கும்.

11. மிச்சம்

மிச்சத்தைச் சின்னப் போத்தலில் வாய்வரை நிரப்பி மூடி, சிவப்போ வெள்ளையோ பிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். காற்று எவ்வளவு குறைவாகத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாங்கும். சிவப்பை எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்த பிறகு குடியுங்கள். மேசையில் மூடாமல் விட்ட வைன் நம் சூட்டில் அடுத்தநாள் மத்தியானமே சப்பென்று ஆகிவிடும். நாலாம் நாள் வெள்ளை மிச்சமிருந்தால் உள்ளி வதக்கி இறால் பிரட்டும்போது அரைக் கோப்பை ஊற்றி வற்றவிடுங்கள். புளி போடத் தேவையில்லை.